இளையோர் பல்லியத்தின் தலைவர்

பல கருவிகள் ஒருங்கே இசைப்பதனைப் பல்லியம் என்று நம் முன்னோர் வழங்கினர். மேலைநாட்டுப் பல்லியம் மிகப் பெரியது. வயலின், வியோலா, செல்லோ முதலிய நரம்புக் கருவிகளை இசைப்போர் 60 பேர் வரை இருப்பர். அவர்களுக்குப் பின்னே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் முதலிய குழற்கருவிகளும், அவற்றிற்கும் பின்னே எக்காளம் போன்ற பித்தளைக் கருவிகளும், எல்லார்க்கும் பின்னே முழவுகளும் வரிசை வரிசையாக அமையும். ஏறத்தாழ 100 பேர் கூடிய அவ்வவைக்கு எதிரே, சிறு மேடையொன்றின்மீது, மெல்லிய கோல் ஒன்றைக் கையில் ஏந்தி ஒருவர் நிற்பார். அவர் பாடுவதில்லை, எக்கருவியையும் இசைப்பதில்லை. அத்தனை பேர் நடுவே ஓசை எழுப்பாதவர் அவர் ஒருவரே. எனினும், நிகழ்ச்சி முடிந்து மக்கள் கலைந்து செல்லும்போது அவர் பெயரே பெரிதும் பேசப்படுகிறது. அவரை இசை நடத்துநர் என்பர். நடத்துநர் என்றவுடன் பேருந்தில் சீட்டுக் கொடுப்பவர் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆங்கிலத்தில் இருவர்க்கும் பெயர் ஒன்றுதான். எல்லாரும் ஏறிவிட்டனரா என்று பார்த்த பின்பே வண்டி புறப்பட இசைவு தருவதில், இருவர் தொழிலுக்கும் சிறிது ஒப்புமையும் உண்டு.

நம் நாட்டுக் கச்சேரியில் இத்தகைய நடத்துநர் இல்லை. பாடுகின்றவரே தொடையில் தாளமிட்டுக்கொள்கிறார். வயலின் வாசிப்பவரும் மிருதங்கம் வாசிப்பவரும் அவருடைய முகத்தையும் கையையும் பார்த்து உடன் செல்கின்றனர். நான்கைந்து பேர் அருகருகே அமர்ந்திருக்கையில் அது போதும். நூறு பேர் அகன்ற மேடையில் பரந்து அமர்ந்திருக்கும்போதோ, பின்வரிசை முழவின் ஓசை முன்வரிசையினர்க்குச் சற்றுத் தாமதித்தே செவிப்படும். செவியை மட்டும் நம்பினால் காலம் பிறழும். ஆகவே, எல்லார் கண்ணுக்கும் ஒரே இலக்காக ஒருவர் நின்று தாளம் காட்ட வேண்டியிருக்கிறது. நான்கு எண்ணிக்கையுள்ள தாளமாயின் வலக்கைக் கோல் முதலில் கீழே இறங்கும்; பின்பு இடப்புறமும் வலப்புறமும் சென்று, நான்காவது எண்ணில் மேலே எழும். இடக்கை இசையின் வலிவையும் மெலிவையும் காட்டும். இன்ன கருவி இப்பொழுது தொடங்குக என்று குறிப்பால் உணர்த்தும். அவர்முன் விரித்திருக்கும் ஏட்டில் எல்லாக் கருவிகளின் இசையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். மற்றையோரிடம் தத்தம் பகுதியே உண்டு. ஆதலின் முழு இசையையும் ஒருசேரக் காண்பவர் நடத்துநர் ஒருவரே. இவை மேடையில் நாம் காண்பன. அவருடைய உண்மையான உழைப்போ ஒத்திகையில் நிகழ்கிறது.

முதிர்ந்த கலைஞரைக் கொண்ட பல்லியங்களேயன்றி, பள்ளி மாணவரையும் கல்லூரி மாணவரையும் கொண்ட இளையோர் பல்லியங்களும் உலகின் பல நகரங்களில் உள்ளன. தேர்வில் வென்றவர்களே அவற்றுள் இடம் பெறுவர். சம்பளம் இராது. வாரத்திற்கு ஒருமுறையோ, விடுமுறைக் காலத்தில் நாள்தோறுமோ கூடிப் பயில்வர். இத்தகைய குழுவை நடத்துவது எளிது என்று எண்ணுவோர் உளர். அவர்கள் ஓர் ஒத்திகைக்குச் சென்று பார்த்தல் வேண்டும். பசூன் ஊதும் சிறுவன் ஒருவன் அறுபது தாளவட்டங்கள் வாளா இருந்து, அறுபத்தொன்றாவதில் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாசிப்பதைக் காட்டிலும் வாளா இருப்பது அவனுக்குக் கடினம். எண்ணிக்கை பிறழ்ந்துவிடுமோ என்று அவன் அஞ்சுகிறான், அஞ்சியதனாலேயே பிறழ்கிறது. அவன் தொடங்க வேண்டிய நொடிக்குச் சற்று முன்னதாக நடத்துநர் அவனை நிமிர்ந்து பார்க்கிறார். அந்தப் பார்வை வரும் என்னும் நம்பிக்கை பிறந்துவிட்டால் அவன் அச்சம் நீங்கும். மேலும், ஓசை பெருகும் இடத்தில் விரைவதும், ஓசை தணியும் இடத்தில் தளர்வதும் இளைஞர் இயல்பு. வயலின் பயில்வோர் பலராகவும், வியோலாவும் பசூனும் பயில்வோர் சிலராகவும் இருப்பர். இருப்போர்க்கு ஏற்ற இசையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஆனால் அவர்களுடைய ஆற்றலுக்கு ஒரு விரற்கடை மேலாகவும் அஃது இருத்தல் வேண்டும்.

இவை எல்லாவற்றினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. முதிர்ந்தோர் பல்லியத்தில் சேர்ந்த கலைஞர் இருபது முப்பது ஆண்டுகள் அங்கேயே இருத்தல் கூடும். இளையோர் பல்லியத்திலோ, ஒருவனுடைய கை பழகிச் செவி தெளிந்து, அவனை நம்பி எதையும் எடுக்கலாம் என்னும் நிலை வருகின்ற ஆண்டிலேயே அவன் விடைபெற்றுப் போகிறான். அவன் அமர்ந்திருந்த நாற்காலியில் புதியவன் ஒருவன் வந்து அமர்கிறான். நடத்துநர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

இத்தகைய பணி ஒரு நடத்துநரின் வாழ்க்கையில் எவ்விடம் பெறுகிறது? பலர்க்கு இஃது ஏணியின் ஒரு படி. அமெரிக்கப் பெருநகரப் பல்லியங்கள் சில, தம் மேற்பார்வையில் இளையோர் பல்லியம் ஒன்றையும் நடத்துகின்றன. துணை நடத்துநராக வரும் இளைஞரிடம் அதனை ஒப்படைத்தல் வழக்கம். ஜகார்த்தாவில் பிறந்த ஜாஜா லிங் என்பார் 1981 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரத்து இளையோர் பல்லியத்திற்கு முதல் நடத்துநரானார். 1986 இல் கிளீவ்லாந்தில் அத்தகைய குழுவொன்றைத் தோற்றுவித்தார். பின்னர் 2004 முதல் 2017 வரை சான் டியாகோ நகரத்தின் பெரிய பல்லியத்திற்கே தலைவராக விளங்கினார். இவ்வாறு படிப்படியாக ஏறியதைக் குறை கூற ஒன்றுமில்லை. நடத்துநர்க்குக் கருவி என்பது மனிதர் நூற்றுவர். வயலின் கற்பவன் தன் வயலினைத் தன் அறையில் வைத்துப் பழகலாம். நடத்தக் கற்பவனோ நூறு பேர் எதிரே இருந்தாலன்றிப் பழக இயலாது. இளையோர் பல்லியம் அவனுக்கு அவ்வாய்ப்பினை அளிக்கிறது.

எனினும், பிறர் படியெனக் கொண்டதனைத் தம் வீடெனக் கொண்டவரும் உளர். அவருள் ஒருவர் நம் நாட்டினர்; பெயர் மெஹ்லி மேத்தா.

மெஹ்லி மேத்தா 1908 ஆம் ஆண்டில் பம்பாயில் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வயலின் இசையில் சிறுவயதிலேயே அவர் உள்ளம் ஈடுபட்டது. மேலைநாட்டு இசையை முறையாகக் கற்பிக்கும் பெரும்பள்ளிகள் அக்காலத்துப் பம்பாயில் இல்லை. பெரும்பாலும் தம் முயற்சியாலேயே அவர் கற்றார். 1935 இல் பம்பாய் சிம்பொனிப் பல்லியத்தைத் தோற்றுவித்தார். அதனை நிறைவு செய்தல் எளிதாக இல்லை. பார்சிகள், கோவாவினர், பம்பாயில் தங்கியிருந்த ஐரோப்பியர் ஆகியோர் அதில் இடம் பெற்றனர். ஊதுகருவிகளுக்கு ஆள் கிடைக்காதபோது கடற்படையின் பாண்டு வாத்தியக்காரர் துணை வேண்டப்பட்டது. அவர் முதலில் வயலின் வரிசையின் தலைவராக அமர்ந்து வாசித்தார். பின்னர்க் கோலேந்தி நடத்தினார். வீட்டிலும் நால்வர் கூடி வாசிக்கும் ஒத்திகை இடையறாது நடந்தது. அவ்வொத்திகைகளைக் கேட்டுக்கொண்டே ஜூபின், ஜரின் என்னும் அவருடைய பிள்ளைகள் இருவரும் வளர்ந்தனர்.

1945 இல், தம் முப்பத்தேழாம் வயதில், அவர் ஒரு துணிவான செயல் செய்தார். மனைவியையும் இரு சிறுவரையும் பம்பாயில் விட்டு, நியூயார்க்கிற்குக் கப்பலேறி, ஐவன் கலாமியன் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் மாணவராய்ச் சேர்ந்தார். ஊரில் ஆசான் என்று மதிக்கப்பட்டவர், அயல்நாட்டில் இளைஞர்களோடு இளைஞராய் அமர்ந்து வில்லைப் பிடிக்கும் முறையினைத் திருத்திக்கொண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் பம்பாய்க்கு மீண்டும் வந்து பணியாற்றினார். 1955 இல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் நகரத்து ஹாலே பல்லியத்தில், சர் ஜான் பார்பிரோலியின் கீழ் முதல் வயலின் வரிசையில் துணைத்தலைவராய் அமர்ந்தார். அதன்பின் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், கர்ட்டிஸ் நால்வர் குழுவில் சில ஆண்டுகள் வாசித்தார். இவ்வாறு மூன்று கண்டங்களில் பணி செய்த பின்னரே அவருடைய வாழ்நாளின் பெரும்பணி தொடங்கிற்று.

இதற்கிடையில் மூத்த மகன் ஜூபின், மருத்துவக் கல்வியைக் கைவிட்டு, 1954 இல் தம் பதினெட்டாம் வயதில் வியன்னா சென்று நடத்துநர் கலையைக் கற்றார். 1958 இல் லிவர்பூலில் நடந்த போட்டியில் முதலிடம் பெற்றார். 1962 இல், இருபத்தாறாம் வயதில், அமெரிக்காவின் மேலைக்கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் பல்லியத்தின் இசைத்தலைவரானார். ஈராண்டு கழித்துத் தந்தையும் அந்நகரத்திற்கே வந்தார். அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் பல்லியங்களை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டே, அதாவது 1964 இல், அமெரிக்க இளையோர் சிம்பொனி என்னும் குழுவினை அவர் நிறுவினார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தாறு. பலர் ஓய்வினைப் பற்றி எண்ணத் தொடங்கும் பருவம் அது.

ஒரே நகரத்தில் தந்தையும் மகனும் நடத்துநர்கள். மகனுக்கு எதிரே இருந்தவர்கள் தேர்ந்த கலைஞர். அவருடைய இசைத்தட்டுகள் உலகெங்கும் விலையாயின. அவர் 1978 இல் நியூயார்க் சென்று அங்குள்ள பல்லியத்தின் தலைவராய் 1991 வரை இருந்தார்; இசுரேல் நாட்டுப் பல்லியத்திற்கு 2019 வரை தலைவராய் விளங்கினார். தந்தைக்கு எதிரே இருந்தவர்கள் மாணவர். அவர்களுடைய நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே கிடையாது. புகழை மட்டும் கொண்டு அளப்போமாயின் இருவரையும் ஒரே தராசில் வைக்க இயலாது. ஆனால் மெஹ்லி மேத்தா அவ்வாறு அளந்தவராகத் தெரியவில்லை. இளையோர்தாமே என்று எளிய இசைகளை அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. முதிர்ந்தோர் வாசிக்கும் பேரிசைகளையே அவர்கள் முன் வைத்தார். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அவ்விசையை வாசிப்பது வாழ்நாளில் அதுவே முதன்முறை. நடத்துநர்க்கோ அது பலமுறை பழகியது. இருபதாம் முறை எடுக்கும் இசையைத் தாமும் இன்றுதான் முதன்முறை கேட்பவர்போல அவர்கள்முன் நிற்றல் வேண்டும். சலிப்புச் சிறிது முகத்தில் தோன்றினும் போதும், நூறு இளைஞரும் அதைக் கண்டுகொள்வர். வகுப்பறையில் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே அன்றைய பாடத்தின் சுவையை அறிந்துகொள்ளும் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவர் அக்குழுவை முப்பத்துமூன்று ஆண்டுகள் நடத்தினார். 1998 இல் விலகியபோது தொண்ணூறு வயதை நெருங்கியிருந்தார். ஒரு மாணவன் குழுவில் நான்காண்டு இருப்பான் என்று கொண்டால், அக்காலத்திற்குள் அப்பல்லியம் எட்டு முறை முழுவதும் புதிதாகியிருக்கும். எட்டு முறையும் கட்டியவர் அவரே. அங்குப் பயின்று சென்றோர் அமெரிக்காவின் பல்லியங்கள் பலவற்றில் இடம் பெற்றனர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துத் திரைப்பட இசைப்பதிவுக் கூடங்களிலும் அவர்களைக் காணலாம். வெள்ளித்திரையில் நாம் கேட்கும் பின்னணி இசையில் அவருடைய மாணவரின் வில்லோசையும் கலந்திருக்கக்கூடும்.

மெஹ்லி மேத்தா அடிவாரத்திலிருந்தே இப்பணியை விரும்பினார் எனின், மலையுச்சியிலிருந்து இறங்கி வந்து விரும்பியவர் இத்தாலியரான கிளாடியோ அப்பாதோ. மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கின் தலைவராயிருந்தபோதே, 1978 இல் ஐரோப்பியச் சமுதாய இளையோர் பல்லியத்தின் முதல் இசைத்தலைவராக அவர் பொறுப்பேற்றார். ஐரோப்பா அந்நாளில் இரண்டு முகாம்களாகப் பிளவுபட்டிருந்தது; கீழை நாட்டு இளைஞர்க்கு அக்குழுவில் இடமில்லை. ஆகவே 1986 இல் வியன்னாவில் குஸ்டாவ் மாலர் பெயரால் இன்னோர் இளையோர் பல்லியத்தை அவர் தோற்றுவித்தார். ஆஸ்திரிய இளைஞரோடு அங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா நாட்டு இளைஞரும் அதில் ஒரே வரிசையில் அமர்ந்தனர். பெர்லின் சுவர் அப்பொழுதும் நின்றுகொண்டுதான் இருந்தது. தேர்ந்த பல்லியங்களில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒத்திகை இரண்டு மூன்று நாள்களே கிடைக்கும். இளையோரோ விடுமுறை முழுவதும் பயில்வர். அப்பாதோவை இழுத்தவற்றுள் அதுவும் ஒன்று எனலாம். இக்குழுக்களில் நிகழ்ந்த ஒரு வியப்பையும் கூறாதிருத்தல் இயலாது. வயது வரம்பைக் கடந்த இளைஞர் சிலர்க்குப் பிரிந்து செல்ல மனம் வரவில்லை. முதற்குழுவினின்று வெளிவந்தோர் 1981 இல் ஐரோப்பியச் சேம்பர் பல்லியத்தையும், இரண்டாம் குழுவினின்று வெளிவந்தோர் 1997 இல் மாலர் சேம்பர் பல்லியத்தையும் தாமே அமைத்துக்கொண்டனர். அவ்விரண்டும் இன்று உலகப்புகழ் பெற்றவை.

இனி, இளையோர் பல்லியத்துள்ளிருந்தே நடத்துநர் தோன்றியதற்கும் சான்று உண்டு. தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்னும் பொருளியல் அறிஞர், 1975 இல் கராக்கஸ் நகரத்தில் கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் இளைஞர் பதினொருவரைக் கூட்டி ஒத்திகையைத் தொடங்கினார். அவர் எதிர்பார்த்து நாற்காலிகள் போட்டிருந்ததோ இன்னும் பலர்க்கு. நாடெங்கும் ஏழைச் சிறுவர்க்கும் இசைக்கருவி கொடுத்துக் கற்பிக்கும் பேரமைப்பாக அது வளர்ந்தது. 1981 இல் பார்க்கிசிமெத்தோ என்னும் ஊரில் பிறந்த குஸ்தாவோ துதாமெல் என்னும் சிறுவன் அவ்வமைப்பில் வயலின் கற்றான். அவனுடைய தந்தையும் இசைக்கலைஞர். 1999 இல், பதினெட்டு வயதில், சீமோன் பொலிவார் பெயரால் அமைந்த நாட்டின் தலைசிறந்த இளையோர் பல்லியத்திற்கு அவர் இசைத்தலைவரானார். தம் வயதினரையே தாம் நடத்த வேண்டிய நிலை. நேற்று அருகில் அமர்ந்து வாசித்தவனை இன்று மேடையிலிருந்து திருத்துவது எத்துணைக் கடினம் என்பதனை, வகுப்புத் தலைவனாக இருந்து பார்த்தவர் அறிவர். துதாமெல் 2004 இல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் போட்டியில் வென்றார். 2009 இல் லாஸ் ஏஞ்சலிஸ் பல்லியத்தின் தலைவரானார். ஜூபின் மேத்தா ஒருகாலத்தில் அமர்ந்த அதே பதவி அது.

இளையோரை நடத்துபவர்க்கு இசையோடு முடியாத பொறுப்பும் நேர்வதுண்டு. 2017 இல் வெனிசுவேலாவில் அரசை எதிர்த்துக் கிளர்ச்சிகள் எழுந்தன. அவ்விசையமைப்பில் பயின்ற இளைஞன் ஒருவன் அவற்றில் கலந்துகொண்டு உயிரிழந்தான். அதுவரை அரசியல் பேசாதிருந்த துதாமெல், வன்முறையை நிறுத்துமாறு அரசை வேண்டி வெளிப்படையாக எழுதினார். அவ்வாண்டில் அவர் நடத்தவிருந்த வெனிசுவேலா தேசிய இளையோர் பல்லியத்தின் அமெரிக்கப் பயணம் நிறுத்தப்பட்டது. பல நாள் அதற்கென உழைத்த இளைஞர் தம் பயணத்தை இழந்தனர். அவர் பேசாதிருந்திருந்தால் பயணம் நடந்திருக்கும். பேசியது தக்கதா, பேசாதிருத்தல் தக்கதா என்று அவரைக் கடிந்தோரும் உளர், போற்றியோரும் உளர். தம் குழுவினரை ஒத்த இளைஞன் ஒருவன் மாண்ட பின்னர் வேறு என் செய்ய முடியும் என்றே எமக்குத் தோன்றுகிறது.

மெஹ்லி மேத்தா 2002 ஆம் ஆண்டில் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். அவருக்குப் பின் அவருடைய குழுவை முதலில் நடத்தியவர், லாஸ் ஏஞ்சலிஸ் பல்லியத்தின் முதல் வயலின் தலைவராயிருந்த அலெக்சாண்டர் டிரெகர். 2016 இல் பொறுப்பேற்ற கார்லோஸ் இஸ்காரயோ, வெனிசுவேலாவிலிருந்து வந்தவர். அப்ரேயுவின் அமைப்பில் பயின்றவர். கராக்கஸ் கொட்டகையில் தொடங்கிய வழியும் பம்பாயில் தொடங்கிய வழியும் அவ்வாறு ஓரிடத்தில் கூடின. ஆனால் இளையோர் பல்லியம் நன்கொடையால் வாழ்வது. மாணவரிடம் பொருள் பெறாது, கேட்போரிடமும் கட்டணம் பெறாது நடக்கும் குழுவிற்குக் கொடையாளர் கை தளர்ந்தால் வேறு வழியில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடந்த அமெரிக்க இளையோர் சிம்பொனி, நிதியின்மையால் 2024 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அக்குழு இன்று இல்லை. அதில் வாசித்தவர்கள் பற்பல நகரங்களின் பல்லியங்களில் வாசித்துக்கொண்டிருக்கின்றனர்.

பம்பாயில் 1995 ஆம் ஆண்டில் மெஹ்லி மேத்தாவின் பெயரால் ஓர் இசை அறநிலையம் நிறுவப்பட்டது. பல்லியத்தை நிறைவு செய்ய ஆள் தேடி ஒருகாலத்தில் அவர் அலைந்த அந்நகரத்தில், சிறுவரும் சிறுமியரும் அங்குச் சென்று மேலைநாட்டு இசை கற்கின்றனர்.